பூநகரிப் பாசி, பண்டாரவளை வல்லாரை

செடிக்குத் தெளிக்கிற கடற்பாசிச் சாறு என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "லீற்றருக்கு எத்தனை மில்லி?" என்பதுதான். அதைச் சொல்கிறேன். ஆனால் எந்தச் செடிக்கு, எந்த நேரத்தில் என்பதைச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை, ஏனென்றால் எங்கள் பாத்திகளில் பார்த்த வரைக்கும் இந்தச் சாறு உருப்படியாக வேலை செய்தது இரண்டு இடத்தில்தான். குச்சி வேர்விடும்போது ஒன்று, இலை அறுத்த பிறகு மறுபடி துளிர்க்கும்போது ஒன்று. மற்ற நேரத்தில் அடித்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது, டாங்கி சுமந்த முதுகுதான் வலிக்கும்.

இடம் பண்டாரவளைப் பக்கம், ஏறத்தாழ 1200 மீற்றர் உயரம், வீட்டுக்குப் பின்னால் இருபது பேர்ச் அளவுக்கு ஒரு சரிவு. முன்பு தேயிலை இருந்த மண், ஆகவே புளிப்பு. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பீஎச் இருந்தால் சந்தோசம், வல்லாரைக்கும் துளசிக்கும் அது போதாது என்பதால் முதலில் டொலமைட் சுண்ணாம்பும் மாட்டெருவும் போட்டு மண்ணைக் கொஞ்சம் வழிக்குக் கொண்டுவந்தோம். இருப்பது வல்லாரை, ஆடாதோடை, துளசி, கற்பூரவள்ளி, ஓரத்தில் சாத்தாவாரி, வேலியில் தூதுவளை. வல்லாரைதான் காசு தருவது. காலையில் இலைக்கஞ்சி விற்கிற கடைகளுக்கும் சம்பலுக்கு வாங்குகிற வீடுகளுக்கும் கட்டுக் கட்டாகப் போகும். ஆடாதோடையை நாட்டு வைத்தியர் ஒருவர் இருமல் மருந்துக்கு எடுக்கிறார், கன்றும் கேட்கிறார்.

பாசி எங்கிருந்து மலைக்கு வருகிறது? எங்கள் சித்தப்பா குடும்பம் 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியது. அங்கே பிறந்த தம்பி இப்போது பூநகரிக் கடலில் கயிறு கட்டிப் பாசி வளர்க்கிறவர்களோடு வேலை செய்கிறான். கப்பாபைக்கஸ் என்கிற செம்பாசி அது, பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. சிறு துண்டுகளைக் கயிற்றில் முடிந்து கடலில் விட்டால் ஒன்றரை மாதத்தில் அறுக்கலாம், காயவைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுகிறார்கள், கராஜினன் என்கிற கூழ்ப்பொருள் எடுப்பதற்கு. "அண்ணே, தரம் குறைஞ்சதுன்னு ஒதுக்குறது சாக்குக் கணக்கில் கிடக்கு, பஸ்ஸில போட்டு விடவா?" என்று அவன் கேட்டதில்தான் இது தொடங்கியது. அதோடு கரையொதுங்கிய சார்காசம் என்கிற பழுப்புப் பாசியும் ஒரு சாக்கு அனுப்பினான். ஒன்று வளர்த்தது, மற்றது பொறுக்கியது. இரண்டையும் ஒரே மாதிரிக் கையாள முடியாது.

கப்பாபைக்கஸைக் கொதிக்க வைக்கவே கூடாது. கொதித்தால் கராஜினன் கரைந்து, ஆறினதும் பாத்திரம் முழுக்க ஜெலி ஆகிவிடும். அந்தப் பாசியிலேயே பொட்டாசியம் நிறைய இருப்பதால் அது இன்னும் இறுக்கமாக உறையும். சாப்பிடுவதற்கென்றால் நல்லது, தெளிப்பதற்கு ஆகாது. குளிர்ந்த நீரில் கராஜினன் பெரும்பாலும் கரையாது என்பதுதான் நமக்கு வசதி. குஜராத்தில் பாவ்நகரில் இருக்கிற உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்கிற முறையும் இதை ஒட்டியதுதான்: பச்சைப் பாசியை அரைத்து வடிகட்டினால் சாறு பயிருக்கு, சக்கை கராஜினனுக்கு. பச்சைப் பாசி பூநகரியிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் அழுகி நாறும், ஆகவே நமக்குக் காய்ந்ததுதான் கதி. காய்ந்த பாசியின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சிலர் அதைக் கடலுப்பு என்று நினைத்து மூன்று நான்கு தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுகிறார்கள். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைட்டு. முழுக்கக் கழுவினால் நல்லதும் சேர்ந்து ஓடிவிடும், கழுவாமல் விட்டால் குளோரைட்டு இலை ஓரத்தைப் பொசுக்கும். ஒரு தடவை வாளியில் முக்கி, மணல் போக உதறி எடுத்தால் போதும். பிறகு அரைக் கிலோவுக்குப் பத்து லீற்றர் நீர் விட்டு ஓர் இரவு நிழலில் ஊறவைத்து, கையால் நன்றாகப் பிசைந்து, பழைய பருத்தித் துணியில் பிழிந்து எடுக்கிறேன். கொஞ்சம் மங்கலான, உப்புக் கரித்த, மீன் வாடை லேசாக அடிக்கிற நீர் கிடைக்கும்.

சார்காசத்துக்கு வேறு முறை. அதில் இருப்பது அல்ஜினேட் என்கிற கூழ்ப்பொருள், அதுவும் பெரும்பகுதி கல்சியத்தோடு பிணைந்து கிடப்பது, வெறும் தண்ணீரில் அசையாது. காரம் சேர்த்தால்தான் விடுபட்டு வரும். கடைகளில் விற்கிற கரும்பழுப்புச் சாறுகளில் பல, அஸ்கோபிலம் என்கிற குளிர்கடல் பாசியைப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டோடு சமைத்தெடுத்தவை. பிரித்தானியாவில் ரெஜினால்ட் மில்ட்டன் என்பவர் 1940களின் கடைசியில் பாசியைத் திரவமாக்கி வழிகாட்டிய பிறகு இந்த வியாபாரம் பெருகியது. அந்தக் காரத்தை வீட்டு அடுப்படியில் வைத்து விளையாட முடியாது, கண்ணில் பட்டால் கண் போகும். நம்மிடம் அடுப்புச் சாம்பல் இருக்கிறதே. பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைக் கட்டைதான் இங்கே விறகு, அதன் சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று தாராளமாக இருக்கும். இரண்டு கை சாம்பலை ஒரு லீற்றர் நீரில் கலக்கி இரவு தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்து, அரைக் கிலோ காய்ந்த சார்காசமும் பத்து லீற்றர் நீரும் உள்ள அண்டாவில் ஊற்றி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும், கொதிநிலைக்குக் கீழேயே வைத்திருப்பது நல்லது. வடிகட்டினால் கடுங்கோப்பி நிறத்தில் கொழகொழவென்று வரும். இரட்டைத் துணியில் வடிகட்டாவிட்டால் டாங்கியின் நுனித் துவாரம் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஈரக் காற்றில் நின்று ஊசியால் குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த இரண்டிலும் தழைச்சத்து, மணிச்சத்து என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கப்பாபைக்கஸில் சாம்பல்சத்து உண்டு, அவ்வளவுதான். மற்றபடி வேலை செய்வது மிகச் சிறிய அளவில் இருக்கிற சைட்டோகைனின், ஒக்சின் என்கிற வளர்ச்சி ஹோர்மோன்கள், பீட்டெய்ன், மனிற்றோல், உடைந்த அல்ஜினேட் துண்டுகள் மாதிரியான சமாச்சாரங்கள். செடி இவற்றைச் சாப்பிட்டுக் கொழுப்பதில்லை, இவற்றை உணர்ந்து தன்னுடைய சொந்த வளர்ச்சி ஹோர்மோன்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக வளரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஓரளவுக்கு மேல் போனால் வளர்ச்சி தடைப்படும்.

அந்த அளவைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை, பாசிப்பயறு போதும். பயற்றை ஈர மணலில் முளைக்கப் போட்டு, ஒரு வாரத்தில் தண்டு விரல் நீளம் வந்ததும் வேரை வெட்டிவிட்டு, தண்டை மட்டும் சிறு ஜாம் போத்தல்களில் நிற்கவைக்க வேண்டும். ஒரு போத்தலில் வெறும் ஊற்றுத் தண்ணீர், மற்றவற்றில் சாறு பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று, நூற்றுக்கு ஒன்று. இன்னொரு வாரத்தில் தண்டின் அடியில் புது வேர் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும். வேர் ஊக்கியைச் சோதிக்கிற பழைய ஆய்வுகூட முறையே இதுதான், நாம் ஜன்னல் ஓரத்தில் செய்கிறோம். என் சாற்றில் பத்துக்கு ஒன்று போட்ட தண்டுகள் அடி கறுத்துப் போயின, இருபதுக்கு ஒன்றில் தண்ணீர்ப் போத்தலை விடப் பெரிய வித்தியாசமில்லை, ஐம்பதிலும் நூறிலும்தான் தாடி மாதிரி வேர் வந்தது. உங்கள் பாசி வேறு, உங்கள் தண்ணீர் வேறு, ஆகவே என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல் இந்தச் சோதனையை நீங்களே செய்யுங்கள். புதுச் சாக்கு வரும்போதெல்லாம் நான் செய்கிறேன். கூடவே தண்ணீரின் உப்பை அளக்கிற பேனா மாதிரியான டீடீஎஸ் மீற்றர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. எங்கள் ஊற்று நீர் லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராமுக்குக் கீழே காட்டும். தெளிக்கப் போகும் கரைசல் ஆயிரத்தைத் தாண்டினால் நான் இன்னும் நீர் சேர்க்கிறேன்.

குச்சிகளுக்கு வருவோம். அம்மா தோட்டத்துத் தவறணையில், அதாவது நாற்றுமேடையில், வருசக் கணக்கில் தேயிலைக் குச்சி போட்டவர், அவருடைய கைப்பழக்கம்தான் இங்கே எனக்கு மூலதனம். ஆடாதோடையில் பென்சில் தடிப்பில், மூன்று கணு உள்ள, பச்சையுமில்லாத முற்றலுமில்லாத குச்சிகளைச் சாய்வாக வெட்டி, அடிப்பாகத்தை நூற்றுக்கு ஒன்று கப்பாபைக்கஸ் சாற்றில் இரவு முழுக்க நிற்கவைத்து, அடுத்த நாள் மணல் கலந்த மண் நிரப்பிய பொலித்தீன் உறைகளில் நட்டோம். பக்கத்திலேயே வெறும் நீரில் ஊறிய குச்சிகள் அதே எண்ணிக்கையில். நட்டதும் கொஞ்சம் கூட்டெருவும் போடலாமே என்று நான் கையைக் கொண்டுபோனபோது அம்மா, "வேர் வராத குச்சிக்குச் சோறு எதுக்குடா, அழுகித்தான் போகும், தண்ணி மட்டும் காட்டு" என்று தட்டிவிட்டார். சாற்றில் ஊறியவை முந்தித் துளிர்த்தன, உறையை வெட்டிப் பார்த்தபோது வேரும் அடர்த்தியாக இருந்தது, இறந்துபோன குச்சிகளும் குறைவு. ஆடாதோடை கொஞ்சம் அடம்பிடிக்கிற செடி என்பதால் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. கற்பூரவள்ளிக்கு இது வேண்டவே வேண்டாம். அதை ஒடித்துத் தரையில் எறிந்தாலே வேர் விடும், சாறு போட்டதற்கும் போடாததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இதில் பாசியை வீணாக்காதீர்கள்.

வல்லாரைப் பாத்தியில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சிக்கல். சரிவில் மேல் பாத்தி காயும், கீழ்ப் பாத்தி எப்போதும் ஈரமாக இருக்கும், மேலே தண்ணீர் அடித்துக் கீழே சாறு அடித்தால் ஈரத்தின் வேலையைச் சாற்றின் வேலை என்று நம்பிவிடுவோம். அதனால் பாத்திகளைக் குறுக்காகப் பிரிக்காமல் மேலிருந்து கீழாக நீளப் பட்டிகளாக, ஒன்று விட்டு ஒன்றாகக் கயிறு கட்டிப் பிரித்தேன். ஒரு பட்டிக்குச் சாறு, அடுத்ததற்கு அதே அளவு தண்ணீர், இரண்டிலும் இலையில் ஒட்டுவதற்கு ஒரே அளவு சவர்க்காரக் கரைசல். சவர்க்காரத்தை ஒன்றில் மட்டும் போட்டால் அதுவே ஒரு வித்தியாசத்தைக் காட்டும், பிறகு எது எதனால் என்று பிரிக்க முடியாது.

மலையில் தெளிக்கிற நேரம்தான் பாதி விசயம். விடியற்காலையில் பனி கொட்டிக் கிடக்கும் இலையில் அடித்தால் பனியோடு சேர்ந்து வழிந்துவிடும். எட்டு மணி தாண்டி இலை உலர்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானம் ஆனால் இடியோடு மழை வரும், பிந்தி அடித்தால் எல்லாம் ஓடைக்குத்தான் போகும். ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் மழை இல்லை, காற்று பேய் மாதிரி அடிக்கும். அப்போது தெளிப்பது பக்கத்து வீட்டு உடுப்புக் கொடிக்கு மருந்தடிக்கிற மாதிரி. அந்த மாதங்களில் டாங்கியை ஓரமாக வைத்துவிட்டு நீர்வாளியில் கலந்து அடியில் ஊற்றுகிறேன். ஹட்டன், நோர்வூட் பக்கம் இருப்பவர்களுக்கு வைகாசியிலிருந்து அடைமழை என்பதால் கணக்கே தலைகீழ், அவர்கள் மாசி, பங்குனியில் தெளித்துக்கொண்டு மழைக்காலத்தில் சும்மா இருப்பது நல்லது.

அளவு: பதினாறு லீற்றர் டாங்கிக்குக் கப்பாபைக்கஸ் சாறு 320 மில்லிலீற்றர், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. இலை அறுத்த மூன்றாம் நான்காம் நாள் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. அவ்வளவுதான். கடையில் வாங்கும் செறிந்த சாறு என்றால் பொதுவாக லீற்றருக்கு இரண்டு மில்லி அளவில் லேபிளில் போட்டிருப்பார்கள், அதற்கு மேல் போகத் தேவையில்லை.

சாறு அடித்த பட்டிகளில் ஓடுகொடி வேகமாக ஓடியது, காம்பு நீண்டது, இலை அகலமானது, அடுத்த அறுப்புக்கு முந்தியே தயாரானது. கடைக்காரர்களுக்குக் காம்பு நீண்டால்தான் கட்டு அழகாக இருக்கும், ஆகவே அவர்களுக்குப் பிடித்தது. ஆனால் இது நடந்தது மாட்டெருவும் கூட்டெருவும் போட்டிருந்த பாத்திகளில் மட்டும்தான். ஓரத்தில் வேண்டுமென்றே எரு போடாமல் விட்ட துண்டில் சாறு அடித்த பட்டிக்கும் தண்ணீர்ப் பட்டிக்கும் கண்ணுக்கு வித்தியாசமில்லை, இரண்டும் ஒரே மாதிரி வெளிறிக் கிடந்தன. மண்ணில் ஒன்றுமில்லாதபோது "வளர்" என்று செடியைத் தூண்டினால் அது எதை வைத்து வளரும்?

இன்னொன்று, இது மருந்துச் செடி, முட்டைக்கோவா இல்லை. பெரிய இலை என்றால் நல்ல மருந்து என்று ஆகிவிடாது. வல்லாரையின் மருந்துக் குணம் ஏசியாற்றிகோசைட்டு, மடிகசோசைட்டு மாதிரியான பொருள்களில் இருக்கிறது, அதை அளக்க ஆய்வுகூடம் வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது காய்ந்த எடையைப் பார்ப்பது. இரண்டு வகைப் பட்டியிலிருந்தும் ஒரு கிலோ பச்சை இலை எடுத்து நிழலில் காயவைத்து நிறுத்துப் பார்த்ததில், சாறு அடித்த இலை காய்ந்த பிறகு கொஞ்சம் குறைவாகவே நின்றது. அதாவது கூடிய பச்சை எடையில் ஒரு பங்கு தண்ணீர். மொத்த விளைச்சல் கூடியதால் காய்ந்த கணக்கிலும் சாற்றுப் பட்டிதான் முன்னே, ஆனால் பச்சையில் தெரிந்த அளவுக்கு இல்லை. வைத்தியரிடம் சாறு அடித்த துளசியையும் அடிக்காத துளசியையும் அடையாளம் சொல்லாமல் கொடுத்தபோது கசக்கி முகர்ந்துவிட்டு, சாறு அடிக்காததைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு மனிதரின் மூக்கை வைத்து முடிவு கட்ட மாட்டேன், ஆனாலும் துளசிக்கு அடிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். காரமும் வாசமும்தான் மருந்து என்று வாங்குகிற ஆளுக்கு நீர்த்த இலையைக் கொடுத்து என்ன பயன்.

பழுப்புப் பாசியில் ஆர்செனிக் விசயம் இருக்கிறது, இதை ஒருவரும் பேசுவதில்லை. சார்காசம் வகைப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்செனிக்கை இழுத்துச் சேர்த்து வைக்கும், ஹிஜிக்கி என்று ஜப்பானியர் சாப்பிடும் பாசியும் இந்தக் குடும்பம்தான், அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரித்தானிய உணவுத் துறை எச்சரித்திருக்கிறது. ஐம்பதுக்கு ஒன்றாகக் கலந்து தெளிப்பதில் அளவு சிறியது, சரி, ஆனால் வல்லாரையைப் பச்சையாக நறுக்கிச் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம், அதுவும் பிள்ளைகளுக்கு. அதனால் சார்காசச் சாற்றை இலையில் அடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது ஆடாதோடைக் கன்றுக்கும் வேலிக்கும், அதுவும் வேரில் மட்டும். வல்லாரைக்குக் கப்பாபைக்கஸ் மட்டும், அறுப்புக்கு இரண்டு வாரம் முன்னால் அதையும் நிறுத்திவிட வேண்டும். கரையொதுங்கிய பாசியை எங்கே பொறுக்கினார்கள் என்றும் கேளுங்கள். 2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்ரிக் மணிகள் கரை முழுக்க ஒதுங்கிய பிறகு, மேற்குக் கரையில் பொறுக்கிய பாசியை நான் வாங்குவதில்லை.

2021 என்றதும் ஞாபகம் வருகிறது. கடற்பாசி உரம் என்று வாயெடுத்தாலே அக்கம்பக்கத்தில் "அந்தச் சீனாக் கப்பல் சாமானா?" என்று சிரிக்கிறார்கள். அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய அந்த வருசம் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் எர்வினியா பக்டீரியா இருக்கிறது என்று சொல்லிக் கப்பலை இறக்கவிடாமல் வைத்திருந்து, கடைசியில் 2022 தொடக்கத்தில் பணத்தையும் கட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொருளும் கடற்பாசியில் செய்தது என்று சொல்லப்பட்டதால் பெயர் கெட்டுப்போய்விட்டது. அது தொன் கணக்கில் மண்ணில் கொட்டி யூரியாவுக்குப் பதிலாக நிற்க வேண்டும் என்று கொண்டுவந்த சரக்கு. போத்தலில் வைத்துச் சொட்டுக் கணக்கில் அடிக்கிற சாற்றை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஏமாற்றம்தான் மிஞ்சும். பாசிச் சாறு இருக்கிறது, எரு வேண்டாம் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

வைத்திருக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர் ஊரென்றாலும் கப்பாபைக்கஸ் நீர் ஒரு வாரத்தில் புளித்து வாயு கட்டும், மூடியை இறுக்கினால் போத்தல் வீங்கும். ஆகவே தேவையான அன்று ஊறவைப்பதுதான் சரி, காய்ந்த பாசியை ஈரம் படாமல் தகர டின்னில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. சார்காசக் கஷாயம் சாம்பல் காரத்தால் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். பிழிந்த சக்கையை எறிய வேண்டாம், கப்பாபைக்கஸ் சக்கை ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கிறது, மேல் பாத்தியின் ஓரத்தில் புதைத்தால் காற்றுக்காலத்தில் மண் அவ்வளவு சீக்கிரம் காய்வதில்லை. சார்காசச் சக்கை கீழே வாழைக்குப் போகிறது. அடுத்த சாக்குக்குத் தம்பியிடம் சொல்லியாயிற்று, இந்த முறை மணலை உதறிவிட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன், போன சாக்கில் எடைக்குப் பாதி பூநகரி மணல்தான் வந்து சேர்ந்தது.